தாளின் ஒரு பக்கத்தில் மட்டும்

வருந்துகிறோம் என்று அச்சடித்து அனுப்புகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கே வருந்தினார்கள்? யார் வருந்தினார்கள்? உட்கார்ந்து வருந்தினார்களா, நடந்துகொண்டே வருந்தினார்களா? விரல் நீளத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு. "தங்கள் படைப்பு பிரசுரத்துக்கு ஏற்றதாக இல்லை. வருந்துகிறோம்." அதைக் கையால் எழுதக்கூட அவர்களுக்கு மனசு வராது. மொத்தமாக அச்சடித்து வைத்துக்கொண்டு ஆளுக்கொன்று கிழித்துப் போடுவார்கள். தபாலக்காவிடம் அந்தச் சீட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. பதினோரு வருஷத்துச் சேமிப்பு.

தபால் என்பது பட்டப்பெயர். எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. நானும் ஒரு பொம்பளைதான், எனக்குப் பெயர் பாய்லர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, ஐந்து நிமிஷம் என் பக்கத்தில் நின்றாலே தெரிந்துவிடும். மதிய இடைவேளையில் நாங்களெல்லாம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவள் மட்டும் ஒரு உறையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடப்பாள். அதனால் அவள் தபால்.

ஆள் நல்ல உயரம். வயது ஐம்பத்து மூன்று. கட்டியவன் எப்போதோ போய்விட்டான். செத்துப்போகவில்லை, போய்விட்டான், அவ்வளவுதான். மகனுக்கு வேறு ஊரில் வேலை. சைக்கிள் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். கட்டில் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துத்தான் மடிப்போம். அவள் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடித்துவிடுவாள். மூலை மூலையோடு ஒட்டி நிற்கும். வார்டில் இருக்கும் நர்ஸம்மாக்கள் மடிப்பைப் பார்த்தே அவள் மடித்தது என்று சொல்லுவார்கள்.

சலவைக்கூடத்துக்கு இரண்டு பக்கம். ஒன்று அழுக்குப் பக்கம், இயந்திரங்கள் ஓடுகிற இடம், என் ராஜ்ஜியம். நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு சின்ன ஜன்னல். அந்தப் புறம் சுத்தப் பக்கம், தேய்ப்பு உருளையும் மடிக்கிற மேஜைகளும். சுத்தப் பக்கத்தில் பேனா கொண்டுபோகக் கூடாது. ஒரு தடவை எவளோ ஒருத்தி பையில் பேனாவை மறந்து வைத்து, நாற்பது வெள்ளை விரிப்பு நீலமாகிப் போனது. அன்றைக்கு வந்த சட்டம். அந்தப் பக்கம் பென்சில் மட்டும்தான். தபாலக்கா கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். தேநீர் நேரம் பன்னிரண்டு நிமிஷம். அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில்தான் அவள் எழுதுவாள்.

எதில் எழுதுவாள்? என் புகார்த் தாள்களின் முதுகில். அழுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை தொங்கும், அதில் நூலால் கட்டிய ஒரு பேனா. எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் நான் அந்தத் தாளில் எழுத வேண்டும். இயந்திர எண், கோளாறு, எடுத்த நடவடிக்கை என்று மூன்று தலைப்பு. முதல் இரண்டும் என் வேலை. மூன்றாவதை எழுத மெக்கானிக் வரவேண்டும். அந்த மகராசன் வந்தால்தானே! மாசக் கடைசியில் சூப்பர்வைசர் தாள்களை உருவி, "கழிவுதானே, எடுத்துக்கங்க" என்று தபாலக்காவிடம் கொடுத்துவிடுவார். படிக்காமல்தான் கொடுப்பார். அவர் படித்திருந்தால் என் ரத்தக்கொதிப்புக்கு இத்தனை மாத்திரை தேவைப்பட்டிருக்காது.

தபாலக்கா தேநீர் நேரத்தில் பென்சிலால் எழுதியதை வீட்டில் வெள்ளைத் தாளில் பேனாவால் நகல் எடுத்து அனுப்புவாள். எங்கள் வட்டாரத்தில் மூன்று இலக்கியப் பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. மூன்றுக்கும் ஆயிரம் சட்டம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவும். நகல் வைத்துக்கொள்ளவும். சொந்த விலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறை இணைக்கவும். ஆறு மாதம் வரை விசாரிக்க வேண்டாம். அவள் ஒன்றுவிடாமல் கடைப்பிடிப்பாள். ஆறு மாதம் கழித்து அவள் கையெழுத்திலேயே அவளுக்கு ஒரு உறை வரும், உள்ளே அந்தச் சீட்டு. ஒரு பத்திரிகை இரண்டு வருஷம் பதிலே போடாமல் மூடிவிட்டுப் போனது. இன்னொன்று அவள் உறையில் வேறு யாருடைய கவிதையையோ வைத்துத் திருப்பி அனுப்பியது. அவள் அதை உட்கார்ந்து படித்து, "நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி எழுதி, அதை எழுதியவருக்கே அனுப்பிவைத்தாள். நானாக இருந்தால் அந்தப் பத்திரிகை ஆபீஸுக்கே போய்க் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

உடைக்கவில்லையே தவிர, நான் சும்மாவும் இல்லை. சீட்டு வரும் ஒவ்வொரு தடவையும் அவளுக்காக நான்தான் கத்துவேன். "இவனுங்களுக்கு என்னக்கா தெரியும்? தங்களுக்குள்ளயே மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு முதுகு சொறிஞ்சுக்குவானுங்க!" ஒரு ஆசிரியருக்குக் காட்டமாக ஒரு கார்டுகூடப் போட்டேன். அதற்கும் "ஏற்றதாக இல்லை, வருந்துகிறோம்" என்று பதில் வந்தது. தபாலக்கா அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. புத்தகம் வேண்டாம், பரிசு வேண்டாம். "ஒண்ணே ஒண்ணு அச்சுல வரணும், பாய்லரு. நான் எழுதினத நான் எழுதாத எழுத்துல பாக்கணும்" என்பாள். மூன்றில் இரண்டு மூடிப்போய் ஒரு பத்திரிகைதான் இப்போது மிச்சம். அதுவும் எத்தனை நாளைக்கோ.

அந்தப் பத்திரிகையின் ஆண்டு இதழுக்குக் கடைசித் தேதி நெருங்கியபோது நடந்தது இது. அன்றைக்குத் தேய்ப்பு உருளையில் ஆள் வரவில்லை, தபாலக்காவை அங்கே நிறுத்திவிட்டார்கள். நகர முடியாது. சுவர் ஜன்னல் வழியாக ஓர் உறையையும் நாலாக மடித்த இரண்டு தாள்களையும் என்னிடம் நீட்டினாள்.

"மூணு மணிக்குத் தபால் எடுத்துடுவான். பேனால எழுதினத உள்ள வச்சு ஒட்டிப் போட்டுடு. பென்சில்ல எழுதினது என் நகலு, என் அலமாரில வச்சுடு."

"போட்டாச்சுன்னு நெனச்சுக்கக்கா."

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் வந்து நின்றான். ஆறு வாரம் கழித்து வந்தவன், மூன்றாம் நம்பர் இயந்திரத்தைக் கையால்கூடத் தொடாமல், "கதவ நீங்கதான் வேகமா சாத்தியிருப்பீங்க" என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும்! அவனை வாசல்வரை திட்டிக்கொண்டே போய், அதே கோபத்தோடு தெருமுனைக்கு நடந்து, ஒரு தாளை உறையில் திணித்து ஒட்டிப் பெட்டியில் போட்டேன். மற்றதை அவள் அலமாரியில் வைத்தேன். வேலை முடிந்தது.

ஆறு மாதம் ஆகவில்லை, இரண்டே மாதத்தில் கடிதம் வந்தது. சீட்டு இல்லை, கடிதம். ஆசிரியர் கைப்பட எழுதியது. "தங்கள் கவிதை என்னை உலுக்கிவிட்டது. ஆண்டு இதழில் வருகிறது. இதே குரலில் மேலும் அனுப்புங்கள்." தபாலக்கா அதைத் தேநீர் நேரத்தில் எங்களுக்குப் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் மேஜையைத் தட்டினார்கள், இந்தப் பக்கம் நான் இயந்திரத்தின் தகரத்தைத் தட்டினேன். சூப்பர்வைசர் என்ன கலாட்டா என்று ஓடிவந்து, விஷயம் தெரிந்து அவரும் கைதட்டினார். அந்த ஒரு வாரம் தபாலக்கா நடந்த நடையே வேறு.

இதழ் வந்தது. அவள் மடிக்கிற மேஜையில் வைத்துப் பிரித்தாள். நான் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு பார்த்தேன். அவள் படித்தாள், பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி முன்னால் வந்து படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள். அவள் பெயருக்குக் கீழே இது இருந்தது:

மூன்றாம் எண்.
கதவு மூடவில்லை.
முழங்காலால் தள்ளினால் மூடுகிறது.
நேற்றும் எழுதினேன்.
முந்தாநாளும் எழுதினேன்.
உள்ளே யாருடைய போர்வையோ தெரியவில்லை,
சுற்றிக்கொண்டே இருக்கிறது.
தண்ணீர் வெளியே வருகிறது.
ஆள் வெளியிலிருந்து வரவில்லை.
என் முழங்கால் வீங்கிவிட்டது.
எடுத்த நடவடிக்கை:

அதோடு சரி. கீழே அரைப் பக்கம் காலி.

"அடப்பாவி! இது என் புகாருடா!" என்று நான் கத்தியதில் உருளை ஓட்டுகிறவள் பயந்து சுவிட்சை அணைத்துவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. அச்சில் அதைப் பார்த்த ஒரு நொடி, ஒரே நொடி, பரவாயில்லையே, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. அதற்காக என்னையே நான் அறைந்துகொள்ளலாம்.

சூப்பர்வைசரும் என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கிப் படித்துவிட்டு, "அருமையா இருக்கும்மா. எந்த ஆஸ்பத்திரியோ, பாவம், ஒரு மெஷினுக்கு இந்தப் பாடு படுறாங்க" என்றார். மூன்றாம் நம்பர் அவருக்குப் பின்னால்தான் ஒழுகிக்கொண்டிருந்தது.

தபாலக்கா அலமாரியைத் திறந்து, நான் வைத்திருந்த தாளை எடுத்து விரித்தாள். வெள்ளைத் தாள். பேனா எழுத்து.

"மாத்தி வச்சிட்ட, பாய்லரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஒத்துக்கொண்டு நிற்கிற ஜென்மமா நான்! "சரி, மாத்தி வச்சேன். தப்புதான். அதுக்காக? அந்தாளுக்குக் கண்ணு எங்க போச்சு? பின்பக்கம் கவிதை இருக்கே, திருப்பிப் பாக்க வேணாமா?"

"பென்சில் எழுத்து மங்கலா இருந்திருக்கும். நீதான் பேனாவ அழுத்தி எழுதுவியே."

"நீ அவனுக்கு வக்காலத்து வாங்காத. வர்ற லீவு நாள்ல நேர்லயே போறோம். உன் கவிதையப் போட்டு, தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வரியும் போடச் சொல்றோம். போடாம எப்படி இருக்கான்னு நான் பாக்குறேன்."

அவள் வரமாட்டேன் என்றுதான் நினைத்தேன். "சரி, போலாம்" என்றாள்.

இரண்டு பஸ் மாறிப் போனோம். பத்திரிகை ஆபீஸ் என்றால் ஆபீஸ் இல்லை, அவர் வீட்டு முன்னறை. நாற்காலியில், தரையில், ஜன்னல் திட்டில், எங்கே பார்த்தாலும் பிரிக்காத உறைகள். ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். தபாலக்கா பெயரைச் சொன்னதும் எழுந்தே விட்டார்.

"நீங்களா! உக்காருங்கம்மா, உக்காருங்க. அந்தக் கடைசி வரிய அப்படியே விட்டீங்க பாருங்க, அதுக்குக் கீழ ஒண்ணுமே எழுதாம! எத்தனை பேரு கடுதாசி போட்டிருக்காங்க தெரியுமா?"

"அதுக்குக் கீழ மெக்கானிக் எழுதணும் சார்!" என்றேன். "அவன் வரல, அதான் காலி. அது கவிதையும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. நான் எழுதின மெஷின் புகாரு."

மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் விடவில்லை. பதினோரு வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துக் கொட்டினேன். பென்சில் சட்டத்திலிருந்து பிஸ்கட் டப்பாவரை ஒன்று பாக்கி வைக்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு காகிதக் கட்டுக்குள்ளிருந்து என் புகார்த் தாளைத் தேடி எடுத்துத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தப்புதான். இது என் கண்ணுல படவே இல்ல. மன்னிச்சுக்கங்கம்மா" என்று தபாலக்காவைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க எழுதினது இந்த மாதிரி இன்னும் இருக்கா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த உறைகளையெல்லாம் வாரித் தெருவில் கொட்டியிருப்பேன்.

"என்னத விடுங்க சார். அவங்க கவிதையப் படிங்க. இப்பவே, இங்கயே, எங்க எதிர்லயே படிங்க."

தபாலக்கா பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். மெதுவாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தார். அவர் கண் வரிவரியாக இறங்குவதைத் தபாலக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உண்மையச் சொல்லணும்னா, எனக்கு நிச்சயமாத் தெரியலம்மா" என்றார். "மோசம் இல்ல. ஆனா போடலாமான்னு கேட்டா, தெரியல."

"என்ன தெரியல?" நான் எழுந்துவிட்டேன். "ஒவ்வொரு வரியும் தங்கம் சார் அது! பதினோரு வருஷமாப் பக்கத்துல இருந்து பாக்குறேன். இவங்க எழுதுற மாதிரி இந்தப் பக்கத்துல ஒருத்தர் எழுதட்டும் பாப்போம்!"

அவர் கோபப்படவில்லை. தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்படிச் சந்தேகம் வந்தா நான் ஒண்ணு செய்வேன். என் வீட்டுக்காரிகிட்ட படிக்கக் குடுத்துட்டு, மறுநாள் கேப்பேன். ஒரு வரியாவது அவ ஞாபகத்துல நின்னிருந்தா என் சந்தேகத்தத் தூக்கி எறிஞ்சிட்டுப் போட்டுடுவேன். இன்னைக்கு அவ இல்ல, நீங்க இருக்கீங்க. ஒரே ஒரு வரி சொல்லுங்க. முழுசாக்கூட வேணாம், சுமாரா வந்தாப் போதும். அடுத்த இதழ்ல இவங்க கவிதை வருது. இது என் வாக்கு."

தபாலக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை, அந்தக் கடிதம் வந்த அன்றைக்குக்கூட. காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருப்பாள். கேட்டது என்னிடம் அல்லவா!

நான் வாயைத் திறந்தேன்.

ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? பதினோரு வருஷத்தில் எத்தனை தடவை ஜன்னல் வழியாகத் தாளை நீட்டியிருப்பாள், "பாத்துச் சொல்லேன்" என்று! "பிரமாதம்க்கா, அனுப்பு" என்று பிரிக்காமலே திருப்பிக் கொடுப்பேன். கை ஈரமாக இருக்கும், இயந்திரம் கத்தும், எனக்கும் இதெல்லாம் மண்டையில் ஏறாது. சீட்டு வந்தால் அவளுக்காகச் சண்டை போட்டேன். அது போதும் என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு உறையில் வைக்கும்போது ஒரே ஒரு மடிப்பைப் பிரித்திருந்தால்கூட எது பேனா எது பென்சில் என்று தெரிந்திருக்கும்.

ஏதாவது சொல்லியே ஆக வேண்டும்.

"அந்த... போர்வை சுத்திக்கிட்டே இருக்குன்னு ஒரு வரி வருமே சார்..."

ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். என்னிடம் ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "அது நீங்க எழுதினதும்மா."

தபாலக்கா எழுந்தாள். மேஜைமேல் இருந்த தாளை எடுத்து மூலைக்கு மூலை ஒட்ட மடித்துப் பைக்குள் வைத்தாள். "வரோம் சார்" என்றாள். அவர், "இத விட்டுட்டுப் போங்கம்மா, என் வீட்டுக்காரி வந்ததும் காட்டுறேன்" என்றார். "வேணாம் சார்" என்றாள்.

பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாவிட்டால் நான் என்ன செய்வேன்? வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தேன். "இவன் எல்லாம் ஒரு ஆசிரியரா? பரிட்சையா வைக்கிறான்? வீட்டுக்காரிகிட்ட கேட்டுப் பத்திரிகை நடத்துற மூஞ்சி!" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் திட்டினேன். அவள் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் எனக்கே குரல் இறங்கிவிட்டது.

"அந்தத் தாளக் குடுக்கா. இப்பவே படிக்கிறேன்."

பையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள், நான் நிற்காத பக்கம்.

"அந்த ஆளத் திட்டாத" என்றாள். பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. "அவராவது ரெண்டு தடவ படிச்சாரு."